ஏழு சங்கமும் ஒரு கழிவறையும்

பஸ் கண்டக்டர் வேலைக்கு வருகிறவர் பயணிகளிடம் பேசக் கற்றுக்கொண்டால் பாதி வேலை கற்ற மாதிரி; மீதிப் பாதி, டிப்போவில் எந்தச் சங்கத்துக்காரர் காதில் எது விழக்கூடாது என்று கற்றுக்கொள்வது. உங்கள் வேலையிடத்திலும் சங்கம் இருக்குமானால், அதுவும் ஒன்றுக்கு மேல் இருக்குமானால், நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. இருந்தாலும் படியுங்கள். நாம் படுகிற பாட்டை இன்னொரு ஆளும் படுகிறார் என்று தெரிந்துகொள்வதில் ஒரு சின்ன ஆறுதல் இருக்கிறது.

என் கணவர் தணிகாசலம் காஞ்சிபுரத்தில் ஒரு டிப்போவில் கண்டக்டராக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். வாரிசு வேலையாக அவருடைய பையும் விசிலும் எனக்கு வந்தன. அந்த டிப்போவில் ஏழு சங்கங்கள். அதில் ஐந்து, பலகை மட்டும் உள்ள சங்கங்கள். பெரியவை இரண்டு. அசல் பெயரைச் சொன்னால் நாளைக்கே எனக்கு ரூட் மாறிவிடும் என்பதால், கொடிக்கம்பம் நிற்கிற இடத்தை வைத்து ஒன்றை மரத்தடிச் சங்கம் என்றும், மற்றதைத் தொட்டிச் சங்கம் என்றும் சொல்கிறேன்.

இரண்டு மாலைகள்

வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்டிலேயே இரண்டு மாலைகளோடு நின்றார்கள். மரத்தடிச் சங்கச் செயலாளர் குப்புசாமி, என் கணவர் பதினாறு வருடம் தங்கள் உறுப்பினர், ஆகவே நானும் தங்கள் உறுப்பினர்தான் என்றார். வேலையைப் போலவே சங்கமும் வாரிசு உரிமை என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். தொட்டிச் சங்கச் செயலாளர் ராஜேந்திரனோ, என் ஃபைல் ஒன்றரை வருடம் தூங்கியதாகவும் தாங்கள்தான் அதைத் தட்டி எழுப்பியதாகவும் சொன்னார். இரண்டு பேரும் என் கழுத்து வழியாகவே ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். நான் கணவர் போன வழியில் போவதுதான் நியாயம் என்று நினைத்து, மரத்தடிப் பக்கம் நகர்ந்தேன்.

நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். எனக்கோ விடிகாலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அடிவயிறு முட்டிக்கொண்டிருந்தது. பெண்களுக்குப் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த டிப்போவுக்கு நான்தான் முதல் பெண் கண்டக்டர். ஆபீஸில் இருக்கும் கிளார்க் பத்மாவுக்கு வீடு எதிர்த் தெருவில் என்பதால் அவர் வீட்டுக்கே போய் வந்துவிடுவார். டிப்போவைக் கூட்டிப் பெருக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளி அஞ்சலை, பழைய டயர் குவிந்து கிடக்கும் மறைவுக்குப் பின்னால் போவார். ஆண்களுக்கு வரிசையாக ஆறு இருந்தது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. குப்புசாமி பேனா மூடியைத் திறந்து நீட்டினார்.

"முதல்ல ஃபாரத்துல கையெழுத்து போடும்மா. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

எஸ்தர் வீட்டு வாசல்

எனக்கு உத்திரமேரூர் ரூட் போட்டார்கள். போக வர, போக வர என்று காலையில் நாலு நடை. ஒரு வாரத்திலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். வெயில் காலத்தில் பயணிகள் பாட்டிலைத் திறக்கும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். பஸ் ஸ்டாண்டில் உள்ள கட்டணக் கழிவறை நாங்கள் கிளம்பும் நேரத்துக்குத் திறந்திருக்காது. திறந்திருக்கும் நேரத்தில் டைம் கீப்பர் எங்களை நிற்க விடமாட்டார்.

ஒருநாள் மாகறலில் முன் டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாற்றும் அரைமணி நேரத்தில், ரோட்டோரம் இருந்த ஒரு வீட்டில் துணி காயவைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் போய்க் கூச்சத்தை விட்டுக் கேட்டேன். அவர் பெயர் எஸ்தர், தையல்காரர். பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு பக்கெட் தண்ணீரும் வைத்தார். அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் பஸ் அங்கே ஒரு நிமிடம் கூடுதலாக நிற்கும். ஒருமுறை அவர், இதையெல்லாம் கேட்க உங்களுக்குச் சங்கம் கிங்கம் எதுவும் கிடையாதா என்று கேட்டார். இருக்கிறது, ஏழு இருக்கிறது என்றேன். அவர் கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏழு சங்கம் வச்சிக்கினா எங்க வூட்டுக்கு வர?"

இருபத்து மூன்றாவது கோரிக்கை

எஸ்தர் சொன்னது உறுத்தியதால் ஒரு மனு எழுதினேன். பெண் ஊழியர்களுக்கு ஒரு கழிவறை வேண்டும். ஒரே வரி. அதைக் குப்புசாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, இப்படித் தனியாகக் கொடுத்தால் பலம் இருக்காது, மற்ற கோரிக்கைகளோடு சேர்த்துக் கொடுத்தால்தான் நிர்வாகம் பயப்படும் என்றார். அவர் அனுபவசாலி, சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்து அச்சடித்த நோட்டீஸ் வந்தது. என் கழிவறை கடைசியில், இருபத்து மூன்றாவதாக, "மகளிர்க்கு உரிய அடிப்படை வசதிகள்" என்று உட்கார்ந்திருந்தது. என்ன வசதி என்று யார் படித்தாலும் புரியாது. எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

பேச்சுவார்த்தை நடந்த அன்று நடைக்கு நடை ஃபோனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் டிப்போவுக்குத் திரும்பியபோது குப்புசாமி வெற்றிலை போட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சு அண்ணே என்று கேட்டேன்.

"இருபத்திரண்டு வரைக்கும் பேசிட்டோம்மா. அதுக்குள்ள டீ வந்துடுச்சு."

செயலாளர் பஸ் ஏறிய நாள்

செயலாளர்களுக்குச் சங்கப் பணி உண்டு என்பதால் அவர்களை ரூட்டில் பார்ப்பது அபூர்வம். குப்புசாமியும் என்னைப் போல கண்டக்டர்தான் என்பதை நான் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒருநாள் அவருடைய மோட்டார் பைக் ரிப்பேர் ஆகி, என் பஸ்ஸில் ஏறினார். நான் எழுந்து வணக்கம் சொன்னேன். பக்கத்து சீட்டில் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர், நெசவுக்கான பாவு நூலைத் துணியில் சுற்றி மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குப்புசாமி இறங்கிப் போனதும், டிக்கெட் வாங்காமல் போகிறாரே, பெரிய ஆபீசரா என்று கேட்டார். இல்லை, அவரும் கண்டக்டர்தான் என்றேன்.

"இருவது வருசமா பாவைத் தூக்கிக்கினு இந்த பஸ்லதாம்மா போறேன் வரேன். இந்தாளு கையால ஒரு டிக்கெட்டு வாங்குனதில்லையே."

ஃப்ளெக்ஸில் என் சிரிப்பு

மகளிர் தினத்துக்கு மரத்தடிச் சங்கம் கேட் மீட்டிங் போட்டது. முந்தின நாள் நான் டியூட்டி முடிந்து வரும்போது, கேட்டில் ஆள் உயரத்துக்கு என் படம் நின்றது. என் தங்கை கல்யாணத்தில் எடுத்த படம். எங்கிருந்து எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. பக்கத்தில் "சாதனைப் பெண்மணி" என்று போட்டிருந்தது. கணவர் செத்ததால் வேலைக்கு வந்ததில் என்ன சாதனை என்று யாரைக் கேட்பது?

மீட்டிங்கில் மூன்று மணி நேரம் பேசினார்கள். பெண் இல்லாமல் உலகம் இல்லை என்று எல்லோருமே சொன்னார்கள். மேடையில் என்னை நடுவில் உட்கார வைத்திருந்ததால் எழுந்து போகவும் வழியில்லை; எழுந்தாலும் போக இடமில்லை. கடைசியில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இந்த டிப்போவில் பெண்களுக்குக் கழிவறை இல்லை, அதைக் கட்டிவிட்டு எனக்குப் பொன்னாடை போர்த்துங்கள் என்றேன். கீழே நின்றிருந்த அஞ்சலை மட்டும் கைதட்டினார். குப்புசாமி மைக்கை வாங்கி, தங்கச்சி உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று சொல்லி, அடுத்தவரை அழைத்தார். மறுநாள் காலை நடையில், பூக்கூடையோடு ஏறிய ஒரு வாடிக்கைப் பயணி என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"போட்டோவுல மட்டும் அவ்ளோ அழகா சிரிக்கிற. பஸ்ல ஏம்மா உர்ருனு இருக்குற?"

பெட்ரோல் பங்க்

அந்தச் சித்திரையில் எனக்குக் குளிர் ஜுரம் வந்தது. அடிவயிற்றில் ஊசி குத்துகிற மாதிரி வலி. ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா, எத்தனை மணி நேரம் அடக்குகிறீர்கள் என்று கேட்டார். எட்டு, சில நாள் ஒன்பது என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். தொற்று சிறுநீரகம் வரை போய்விட்டது, இன்னொரு முறை வந்தால் சுலபமாக விடாது என்றார். அப்போது எனக்கு டிரைவர் செல்வராஜ். தொட்டிச் சங்கத்துக்காரர், என்னைவிட வயதில் சின்னவர், அதிகம் பேசமாட்டார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே, எஸ்தர் வீடு பூட்டியிருக்கும் நாட்களில், வழியில் உள்ள ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக இரண்டு நிமிடம் நிறுத்த ஆரம்பித்தார். அங்கே பெண்களுக்குத் தனியாகக் கழிவறை இருந்தது. பயணிகளும் ஒன்றும் சொல்லவில்லை.

அதை யாரோ ஃபோட்டோ எடுத்து, பஸ் பெட்ரோல் பங்கில் நிற்கிறது, டீசல் திருட்டு நடக்கிறது என்று புகார் போட்டார்கள். புகாரில் கையெழுத்துப் போட்டிருந்தது என் சங்கம். தொட்டிச் சங்கத்து ஆள் ஒருவரை மாட்டிவிட அவர்களுக்கு அது நல்ல சந்தர்ப்பம். நான் குப்புசாமியிடம் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது. நீ வாயைத் திறக்காதே, உனக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார். செல்வராஜின் சங்கமும் லேசுப்பட்டதல்ல. கண்டக்டர் விசில் அடித்தார், நிறுத்தினேன், தப்பு அவருடையது என்று எழுதிக்கொடு என்று அவரை நெருக்கியது. அவர் எழுதவில்லை.

விசாரணை அன்று நானே ஒரு தாளில், சிறுநீர் கழிப்பதற்காகப் பஸ்ஸை நிறுத்தச் சொன்னது நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். ஐந்து ஆண்கள் உட்கார்ந்திருந்த அறையில் ஒருவர் அதைச் சத்தமாகப் படித்தார். தேதி வாரியாகச் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னேன். திருட்டுப் புகார் நிற்கவில்லை. அனுமதியில்லாத இடத்தில் நிறுத்தியதற்குச் செல்வராஜுக்கு எச்சரிக்கை மெமோ கொடுத்தார்கள்; எனக்கு ஒன்றும் வராமல் குப்புசாமி பார்த்துக்கொண்டார். வெளியே வந்ததும் நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். அவருக்கும் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இனிமே அங்க நிறுத்த முடியாதுக்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

விலகல் கடிதம்

அன்று சாயங்காலமே சங்கத்திலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தேன். தொட்டிச் சங்கத்தார் இனிப்போடு வந்தார்கள். அவர்களிடமும் சேரவில்லை. பத்மா, அஞ்சலை, நான், மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுப் புதிதாக வந்த கிளை மேலாளரிடம் நேராகப் போய்க் கொடுத்தோம். அஞ்சலை தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதி முடிக்கும்வரை அவர் பொறுமையாகக் காத்திருந்தார். டாக்டர் சீட்டைப் படித்தார். பழைய டயர் ரூமைக் காலி செய்து கழிவறையாக மாற்றச் சொல்லி அப்போதே எழுதினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதற்கா இத்தனை நாள் என்று இருந்தது. கேட்டைத் தாண்டும்போது குப்புசாமி கூப்பிட்டு நிறுத்தினார். கோபமாகப் பேசவில்லை. வருத்தமாகத்தான் பேசினார்.

"நீ எங்களை விட்டுப் போனதுகூடப் பரவாயில்லம்மா. தணிகாசலம் இருந்திருந்தா இதைப் பாத்து செத்திருப்பான்."

இரண்டு பூட்டுகள்

கழிவறை கட்டி முடிந்தது. இரண்டு கதவு, ஒரு வாஷ்பேசின், வெள்ளை டைல்ஸ். மறுநாளே மரத்தடியில், தங்கள் தொடர் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி என்று போஸ்டர். தொட்டியிலும் அதே வாசகத்தில் ஒரு போஸ்டர். நிர்வாகத்தோடு பேச எந்தச் சங்கத்துக்கு உரிமை என்று தொழிலாளர்கள் ஓட்டுப் போடும் அங்கீகாரத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. திறப்புவிழாவுக்குத் தங்கள் மாநிலத் தலைவர்தான் வருவார் என்று மரத்தடிச் சங்கம், தேதி கிடைக்கும்வரை கழிவறையைப் பூட்டியது. அவர்கள் மட்டும் திறந்துவிடக் கூடாதென்று தொட்டிச் சங்கம் அதன்மேல் இன்னொரு பூட்டைப் போட்டது. மேலாளர் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தார். தேர்தல் முடியட்டும் என்று அவரும் ஒதுங்கிக்கொண்டார்.

பதினோரு நாள் அந்தப் பூட்டுகளைப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் மதியம், டிப்போ நிறைய ஆள் இருக்கும்போது, எனக்கு மறுபடியும் குளிர் எடுத்தது. கதவு முன்னால் போய் நின்றேன். அஞ்சலை விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, டயர் கழற்றும் கடப்பாரை ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு பூட்டை நான் உடைத்தேன். எனக்குத் தெம்பு அவ்வளவுதான். இன்னொன்றை அவர் உடைத்தார். சுற்றிலும் ஆண்கள் நின்று பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை, யாரும் உதவவும் இல்லை. அஞ்சலை கடப்பாரையைத் தரையில் ஊன்றிக்கொண்டு கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"உள்ள போ கண்டக்டரம்மா. நான் வெளியில நிக்கிறேன்."

ஒரே தாளில் இரண்டு கையெழுத்து

பூட்டு உடைத்த மூன்றாம் நாள், எங்கள் டிப்போவில் அதுவரை யாரும் பார்க்காத ஒன்று நடந்தது. மரத்தடிச் சங்கமும் தொட்டிச் சங்கமும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டன. சங்கங்களுக்குச் சொந்தமான பூட்டுகளைக் காண்ட்ராக்ட் தொழிலாளி அஞ்சலை உடைத்துச் சேதப்படுத்தினார் என்று புகார். அதில் என் பெயர் இல்லை. நான் நிரந்தரத் தொழிலாளி; எனக்கு ஓட்டு இருக்கிறது. அஞ்சலைக்கு ஓட்டு இல்லை, காண்ட்ராக்ட் ஆட்களை எந்தச் சங்கமும் சேர்த்துக்கொள்வதில்லை. மறுநாள் பெருக்க வந்த அஞ்சலையை, இனி வேலை இல்லை என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் இரண்டு சங்கத்திடமும் போனேன். சேருகிறேன், எந்த ஃபாரத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், அவரை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். குப்புசாமி மரத்தடியிலும் ராஜேந்திரன் தொட்டியருகிலும் கிட்டத்தட்ட ஒரே பதிலைச் சொன்னார்கள்: அந்தம்மா நம் உறுப்பினர் இல்லை, நாம் எப்படித் தலையிட முடியும்? பிறகு மேலாளரிடம் போய், முதல் பூட்டை உடைத்தது நான், என்மேல் நடவடிக்கை எடுங்கள் என்று எழுதி நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

"ரெண்டு சங்கமும் சேர்ந்து உடைச்சது நீங்க இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்காங்கம்மா. நான் என்ன பண்ண?"

ஓரிக்கை ஸ்டாப்பில்

நாலைந்து மாதம் கழித்து ஓரிக்கையில் அஞ்சலை என் பஸ்ஸில் ஏறினார். ஒரு கல்யாண மண்டபத்தில் பெருக்குகிற வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். முகூர்த்த நாள் இருந்தால்தான் வேலை. நான் அவருக்காக எங்கெங்கே போய் யார் யாரைப் பார்த்தேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை ஆட்டி அதெல்லாம் இருக்கட்டும் என்றார். பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தேன். அவர் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பாத்ரூம் திறந்திருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். திறந்துதான் இருக்கிறது, பத்மாவும் நானும் முறை போட்டுக் கழுவுகிறோம், புதிதாக இன்னொரு பெண் கண்டக்டரும் வந்திருக்கிறாள் என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது போல. இறங்கும்போது படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"எவனாவது திரும்பப் பூட்டுனா எனக்குச் சொல்லி அனுப்பு."

சங்கம் இல்லாமல் தொழிலாளி பிழைக்க முடியாது என்பதை நான் இன்றைக்கும் முழுமனதாக நம்புகிறேன். அப்படி ஒன்று எங்கள் டிப்போவில் எப்போது தொடங்குவார்கள் என்பதுதான் தெரியவில்லை.